உப்புக்காற்று ஊரில் ஹைடாப் கேன்வாஸ் ஷூ: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வருகிறேன். கணுக்காலை மூடும் பழைய பாணி ஹைடாப் கேன்வாஸ் ஷூ வாங்க ஆசை. எனக்குக் கொஞ்சம் அகலப் பாதம். நம் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது தாங்குமா? சைஸ் எப்படிப் பார்ப்பது?

பதில்: தாராளமாக வாங்குங்கள், தம்பி. ஆனால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் லேஸ் கோக்கும் வளையங்களைப் பாருங்கள். நம் கரையில் பெரும்பாலும் துணிக்கு முன்பே கெடுவது அந்த வளையம்தான். மலிவான ஷூக்களில் இரும்பு வளையத்துக்கு மேல்பூச்சு மட்டும் கொடுத்திருப்பார்கள். உப்புக்காற்றில் பூச்சு உரிந்ததும் துரு ஏறும். சுற்றியுள்ள துணியில் செம்பழுப்பாகக் கறை இறங்கும், சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வளையத்தில் பட்டென்று ஒட்டினால் அந்த ஜோடி வேண்டாம். அலுமினியமும் பித்தளையும் ஒட்டாது. உள்பக்கம், பாத வளைவருகே காற்றுக்காக வைத்திருக்கும் இரண்டு வளையங்களையும் சோதியுங்கள். வியர்வை ஈரம் அவற்றையும் அரிக்கும்.

அடுத்து சோல். 1917-ல் கன்வர்ஸ் நிறுவனம் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்காகக் கொண்டுவந்த ஷூவின் வழியில் வந்த வடிவம் இது. ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி, ஷூவை அப்படியே சூடேற்றி வல்கனைஸ் செய்தால் சோல் துணியோடு இறுகிப் பிடிக்கும். மட்டமான பசையில் ஒட்டியது நம் வெயிலில் சீக்கிரம் வாய் பிளக்கும். விரல் மடங்கும் இடத்தில் ஷூவை நன்றாக வளைத்துப் பாருங்கள். பட்டைக்கும் துணிக்கும் நடுவே கீற்று தெரிந்தால் வாங்காதீர்கள். பஸ் ஸ்டாப்புக்குக் கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் நடக்கிறவர் என்றால் சோல் தடிமனாகவே இருக்கட்டும். சீமைக்கருவேல முள் மெல்லிய சோலைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறிவிடும்.

சைஸுக்கு மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. வழக்கமாகப் போடும் பருத்திச் சாக்ஸோடு இரண்டு காலிலும் மாட்டி, லேஸைக் கட்டி, நின்று பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கன்வர்ஸ் பொதுவாக அரை சைஸ் பெரிதாக வரும், ஆனால் அகலம் குறைவு. அதனால் உங்கள் வழக்கமான சைஸிலேயே தொடங்குங்கள். சுண்டுவிரல் நெரிந்தால் அரை சைஸ் கூட்டுங்கள், நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே சோல் தட்டையாக இருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவருக்குக் குதிகால் வலிக்கும், எனவே வளைவுள்ள இன்சோல் ஒன்று வாங்கி அதையும் வைத்தே அளவு பாருங்கள். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது வேண்டாம். வியர்வையில் ஊறினால் சீக்கிரம் காயாது. கணுக்காலில் உராய்ந்தால் முதல் சில நாள் மேல் வளையத்தில் லேஸ் கோக்காமல் விடுங்கள்.

நிறம் உங்கள் விருப்பம். கறுப்பு வெயிலில் சுடும், வெள்ளை சீக்கிரம் அழுக்காகும். என்னைக் கேட்டால் மணல் நிறம்.

கடல்தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். துணியில் தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஷூவை நசநசவென்றே வைத்திருக்கும். உவர்தண்ணீரில் துவைத்தாலும் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். கடைசி அலசலுக்காவது குடிதண்ணீர் ஒரு வாளி ஒதுக்குங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், மஞ்சளாக்கிவிடும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள்.