ஸ்டர்ஜன் மீனைப் படித்தால் வேலை கிடைக்குமா?

நம் ஊர் ஆற்றில் இல்லாத, குளிர்நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் பெரிய மீனான ஸ்டர்ஜனின் மரபணுவைப் படித்து மகள் எப்படிப் பிழைப்பாள் என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. நியாயமான கவலைதான். ஆனாலும் அவளைத் தடுக்காதீர்கள்.

உலகில் மிஞ்சியிருக்கும் 26 ஸ்டர்ஜன் இனங்களுமே அழியும் அபாயத்தில் இருப்பதாக, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் 2022இல் அறிவித்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள பிளாக் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அணைகள் வழியை அடைத்துவிட்டதால், அங்குள்ள ‘ஏரி ஸ்டர்ஜன்’ என்ற இன மீன்கள் தனித்துப்போயின. பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஏறக்குறைய 20 வருடம் ஆகும். அதன்பிறகும் வருடாவருடம் முட்டையிடாது. அதனால் பொரிப்பகத்தில் குஞ்சு வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாலைந்து தாய் மீன்களிடம் மட்டும் முட்டை எடுத்தால் எண்ணிக்கை கூடும். ஆனால் வளர்வதெல்லாம் ஒரு சில குடும்பத்துப் பிள்ளைகளாகவே இருக்கும். மரபணு வளம் சுருங்கிவிடும். எனவே இரவில் ஆற்றோடு மிதந்து வரும் இளங்குஞ்சுகளை வலைகட்டிப் பிடித்து வளர்க்கும் முறையும் அங்கே உண்டு. இயற்கையாக முட்டையிட்ட பல பெற்றோரின் வாரிசுகள் அதில் கிடைக்கும். துடுப்பில் நறுக்கிய சின்னத் துண்டிலிருந்து டிஎன்ஏ எடுத்து, எது யாருடைய குஞ்சு என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் மகள் ஆசைப்படும் வேலை.

லேசான வேலையில்லை. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் நமக்கு 46 என்றால் ஏரி ஸ்டர்ஜனுக்குச் சுமார் 250. வழக்கமான மரபியல் கணக்குமுறைகள் பலவும் இதற்கு அப்படியே பொருந்தாது. அதனால் உயிரியலில் மட்டும் நல்ல மதிப்பெண் வாங்கினால் போதாது. புள்ளியியலும் கணினி நிரலும் கட்டாயம் வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

முதலில் நான்கு வருட மீன்வள இளநிலைப் பட்டமான பி.எஃப்.எஸ்சி. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படிக்கலாம். அடுத்து மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் மீன் மரபியல். லக்னோவில் தேசிய மீன் மரபணு வள ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. பயிற்சிக்கு ஸ்டர்ஜனே வேண்டும் என்பதில்லை. காவிரியில் வாழும் திமில் மஹ்சீர் மீனும் மிகவும் அருகிவிட்ட இனம்தான். அதில் கற்ற கை ஸ்டர்ஜனுக்கும் உதவும். வெளிநாட்டுக்கு உதவித்தொகையோடு முனைவர் படிப்புக்குப் போகட்டும். கடன் வாங்கி அங்கே முதுநிலைக்கு அனுப்ப வேண்டாம் என்பதே என் திடமான கருத்து.

ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் இதே பட்டத்தோடு அரசு மீன்வளத் துறைத் தேர்வும், வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வும் எழுதலாம். பொறியியல் விண்ணப்பத்தோடு மீன்வளப் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் சேர்த்தே போட்டு வையுங்கள்.