உங்கள் காய்ச்சல் நாய்க்கு ஒட்டுமா?

வேலூர் சத்துவாச்சாரி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வீட்டில் நாலு பேருக்கும் வைரஸ் காய்ச்சல். இப்போது நாயும் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறது, தொட்டால் சுடுகிறது. எங்களிடமிருந்து ஒட்டியிருக்குமா? மெடிக்கல் கடையில் பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள்."

முதலில், அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அளவு தப்பினால் ஈரல் கெடும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் இன்னும் மோசம், குடல் புண்ணாகும், சிறுநீரகம் போகும். கடைக்காரருக்கு மாத்திரை விற்கத் தெரியும், நாயைப் பார்க்கத் தெரியாது.

நம் சளி, காய்ச்சல் நாய்க்கு ஒட்டுவது அபூர்வம். கொரோனாகூட 2020ல் ஹாங்காங்கில் சில நாய்களுக்குத் தொற்றியது, பெரிய தொந்தரவு இல்லை. சுடுகிறது என்கிறீர்கள், நாயின் இயல்பான சூடே 101, 102 டிகிரி, கை வைத்தால் சுடத்தான் செய்யும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து 103ஐத் தாண்டினால் காய்ச்சல். வேலூர் வெயிலில் எனக்கு முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல்தான். காது மடலுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். உதட்டைத் தூக்கிப் பாருங்கள், ஈறு வெளுத்திருந்தால் இன்றே கிளம்புங்கள்.

வீட்டில் யாருக்காவது டிபி இருந்தால் மட்டும் கதை வேறு. அது மனிதரிடமிருந்து நாய்க்குப் போகும். அடிக்கடி இல்லை, ஆனால் இருமுகிறவர் கட்டிலிலேயே, முகத்தை நக்கிக்கொண்டு கிடக்கிற நாய்க்குப் போகலாம். நாய் வாரக்கணக்கில் இருமி இளைத்தால், வீட்டில் டிபி இருப்பதை மறைக்காமல் கால்நடை டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளி மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வரும்வரை நாய்க்குப் படுக்கை வேறு இடத்தில். டிபிக்காக வீடு தேடி வந்து குழந்தைகளுக்குச் சோதனை எழுதுகிற சுகாதாரப் பணியாளர்கள் கட்டிலுக்கடியில் இருக்கிற நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கால்நடைப் பக்கம் போனால், மனுஷ வியாதி எங்களுக்கெதற்கு என்கிறார்கள். பைலில் நாய்க்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தத் தடுப்பூசி அட்டை. குட்டி விற்ற புரோக்கர் 'எல்லா ஊசியும் போட்டாச்சு சார்' என்று நீட்டியதா? மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், டாக்டர் கையெழுத்து, பதிவு எண் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். டிஸ்டெம்பர் என்கிற நாய்களின் கொடிய வைரஸ் நோய் உங்களிடமிருந்து வராது, பொய் அட்டையை நம்பினால் வரும்.

கால்நடை டாக்டர் ஒரு ஊசி போட்டு அனுப்பப் பார்த்தால், ரத்தம் பாருங்கள் என்று விடாமல் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சலானால் கிட்டத்தட்ட நாலு வாரம் மாத்திரை, நாலாம் நாளே எழுந்து வாலாட்டினாலும் நிறுத்தாதீர்கள்.