சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடியைப் பார்த்து ஒதுங்கிப் போகாதீர்கள்

கேள்வி: போன மே மாதம் குடும்பத்தோடு கோவா போயிருந்தோம். ஓர் இடத்தில் மேல்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமாக இரண்டு கொடிகள் ஊன்றியிருந்தார்கள். சிவப்பு இருக்கிறதே, ஆபத்து போலிருக்கிறது என்று பயந்து, கொஞ்சம் தள்ளிக் கொடியே இல்லாத இடத்தில் பிள்ளைகளை இறக்கினோம். அங்கேதான் கூட்டமில்லை என்று வேன் ஓட்டுநரும் சொன்னார். பத்து நிமிடத்தில் உயிர்காப்புக் காவலர் விசிலடித்து விரட்டிவிட்டார். யார் செய்தது சரி? இந்த வருடமும் போகிறோம். கூட வரும் என் மாமியாருக்கு நீச்சல் தெரியாது, கால் நனைத்தால் போதும் என்கிறார். சிவப்புக் கொடி இருந்தால் அதுவாவது கூடுமா? (மதுரை வாசகி ஒருவர்)

பதில்: காவலர் செய்ததுதான் சரி. நீங்கள் பயந்து ஒதுங்கிய இடம்தான் அந்தக் கரையிலேயே குளிப்பதற்கென்று குறித்து வைத்த இடம். நம்பி இறங்கியது யாருடைய கண்காணிப்பும் இல்லாத இடம். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கடலோர உயிர்காப்புப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து வாரம் ஒருவராவது இதே கேள்வியைக் கேட்கிறார்கள். சிவப்பு என்றால் நில் என்று சாலை விளக்கில் பழகிய கண் அப்படித்தான் படிக்கும். பள்ளிக்கூடத்திலோ, பேருந்து நிலையத்திலோ, சுற்றுலாத் துறையின் விளம்பரப் பலகையிலோ இதை யாராவது நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களா?

நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இரண்டே கொடிகள். முழுச் சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கக் கூடாது. மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று இரண்டு கொடிகள் இடைவெளி விட்டு நின்றால், அந்த இரண்டுக்கும் நடுவே குளிக்கலாம், அங்கே காவலரின் கண் இருக்கிறது. 'நடுவே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு கொடிக்குப் பக்கத்தில் நிற்பது நடுவே நிற்பது ஆகாது. கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் உங்களை அறியாமலே பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு போகும். பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டே ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி இரண்டு கொடிகளும் எங்கே என்று பாருங்கள். ஒன்று தூரமாகத் தெரிந்தால், கரையேறி நடந்து வந்து மறுபடி இறங்குங்கள். காலையில் பார்த்த கொடி மாலையிலும் அதே இடத்தில் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். நீர் ஏறி இறங்குவதைப் பார்த்துக் காவலர்கள் அதை இடம் மாற்றி ஊன்றுவார்கள்.

தனி மஞ்சள் கண்டால் கவனமாக இருங்கள், நீந்தத் தெரியாதவர்கள் இறங்க வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருந்தால் அது சர்ஃபிங் பலகைக்காரர்களின் இடம், உங்களுடையது இல்லை. ஊதா நிறம், தண்ணீரில் ஜெல்லி மீன் போன்றவை இருக்கின்றன என்ற எச்சரிக்கை. இவ்வளவு போதும்.

ஒரு நிறத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் இப்போது பெரிய ஏமாற்று நடக்கிறது. நீலக் கொடி. மற்றக் கொடிகள் எல்லாம் இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று சொல்பவை. நீலக் கொடி மட்டும் அப்படி இல்லை. அது டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு கடற்கரைகளுக்குக் கொடுக்கும் தரச்சான்று. தண்ணீரின் சுத்தம், கழிப்பறை, குப்பை அகற்றுவது, முதலுதவி, காவலர் ஏற்பாடு எல்லாவற்றையும் பார்த்துத் தருகிறார்கள். சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்துக்கும் புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் 2021-ல் கிடைத்தது. நல்ல விஷயம்தான், நமக்கும் பெருமைதான். ஆனால் நீலக் கொடி வாங்கிய கரையிலும் அலை சீறும், அங்கேயும் சிவப்புக் கொடி ஏறும். உணவகத்தின் சுவரில் சுகாதாரச் சான்றிதழ் மாட்டியிருப்பது போல அது. இன்றைக்கு வைத்த சாம்பார் ஊசிப்போகவில்லை என்பதற்கு அந்தச் சான்றிதழ் சாட்சி சொல்லுமா? 'நீலக் கொடிக் கடற்கரை சார், பயமே இல்லை' என்று விடுதி முகவர் போனில் சொன்னால், அவர் சொல்வது உண்மை, சொல்ல வருவது பொய். நீலம் பறக்கிற கரையிலும் சிவப்பு எங்கே, சிவப்பு-மஞ்சள் எங்கே என்று தேடிப் பார்த்த பிறகே செருப்பைக் கழற்றுங்கள்.

இப்போது உங்கள் வேன் ஓட்டுநருக்கு வருகிறேன். கூட்டமில்லாத இடம் என்று அவர் காட்டியதற்குக் காரணம், பெரும்பாலும் அங்கே வண்டி நிறுத்த வசதி இருக்கும், அல்லது பக்கத்துக் கடையில் அவருக்கு ஏதாவது கிடைக்கும். எல்லா ஓட்டுநரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் கடலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. படகுச் சவாரிக்கு ஆள் பிடிக்கிறவர், பாராசெய்லிங் சீட்டு விற்கிறவர், 'சிவப்புக் கொடி சும்மா மழைக்காலத்துக்கு வைத்தது, எடுக்க மறந்துட்டாங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர், இவர்கள் யாரிடமும் கடலைப் பற்றிக் கேட்காதீர்கள். காற்றடித்த டியூப் வாடகைக்கு விடுகிறவர் எல்லாரிலும் மோசம். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு டியூப் இருந்தால் போதும் என்பார். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கிற நாளில் அந்த டியூப் பாய் விரித்த தோணி மாதிரி உள்ளே போய்விடும். நீங்கள் போனில் படம் எடுத்து நிமிர்வதற்குள் பிள்ளை கைக்கெட்டாத தூரத்தில் இருக்கும். கடலுக்கு டியூப் வேண்டவே வேண்டாம்.

'கூட்டமில்லை, அலையும் இல்லை, தண்ணீர் அமைதியாக இருந்தது' என்றுதான் உங்களுக்கும் தோன்றியிருக்கும். அந்த அமைதிதான் எனக்குப் பயம். கரைக்கு அலையாக வந்து ஏறிய தண்ணீர் எப்படியும் திரும்பிப் போயாக வேண்டும். மணல் மேட்டுக்கு நடுவே பள்ளமான ஒரு வாய்க்கால் கிடைத்தால் எல்லாத் தண்ணீரும் அந்த வழியாக உள்ளே பாயும். இதைத்தான் ரிப் கரன்ட் என்கிறார்கள், நான் இழுப்பு என்றே சொல்கிறேன். ஆழமாக இருப்பதால் அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்து, மேலே சுருக்கம் சுருக்கமாகத் தெரியும். ஒரு தடவை பயிற்சிப் பிள்ளைகளை மணல் திட்டில் உட்காரவைத்து, அப்படி ஒரு பட்டையைக் காட்டினேன். 'சார், அங்கதான் குளிக்க நல்லா இருக்கும்' என்றான் ஒருவன். ஒரு தேங்காய் மட்டையை எடுத்து அந்த இடத்தில் போடச் சொன்னேன். போட்டுவிட்டுத் திரும்பி எங்கள் பக்கம் அவன் நடந்து வருவதற்குள், மட்டை அலை உடைகிற கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. அப்புறம் ஒருவனும் பேசவில்லை.

வலுத்த இழுப்பு நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடும். 50 மீட்டரை ஏறத்தாழ 21 நொடியில் கடக்கும் உலகச் சாதனை நீச்சல்காரர்களுக்கே அதை எதிர்த்து நீந்திக் கரை சேர்வது கஷ்டம். ஊர்க் கிணற்றில் நீந்திப் பழகிய நாம் எம்மாத்திரம்? மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, உள்ளே கொண்டுபோகத்தான் செய்யும். மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள், பட்டையை விட்டு வெளியே வந்ததும் அலையே கரைக்குத் தள்ளும். கரையில் நிற்கிறவர்கள் காப்பாற்றுகிறேன் என்று குதிக்க வேண்டாம். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போகிற கதை அப்படித்தான் நடக்கிறது. காலித் தண்ணீர்க் குடம், கேன், மிதக்கிற எதையாவது எறியுங்கள், காவலரைக் கூப்பிடுங்கள், 112-க்கு அடியுங்கள்.

கோவாவில் 2008 முதல் அரசு ஒரு தனியார் நிறுவனத்தின் மூலம் காவலர்களை நிறுத்தியிருக்கிறது. அதனால் அங்கே கொடி பார்க்க முடிகிறது, விசிலடிக்க ஆள் இருக்கிறது. நீங்கள் மே கடைசியில் போனால் மழைக்கு முன்னால் கடல் கொந்தளிக்கத் தொடங்கியிருக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே நீச்சலே வேண்டாம். பொழுது சாய்ந்து காவலர்கள் கோபுரத்தை விட்டு இறங்கிய பிறகும் தண்ணீரில் இறங்காதீர்கள், கொடி ஊன்றியபடியே இருந்தாலும்கூட.

நம் ஊர்க் கதை வேறு. தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. அதில் எத்தனை இடத்தில் நீங்கள் கொடி பார்த்திருக்கிறீர்கள்? 'ஆழமான பகுதி, குளிக்காதீர்' என்று துருப்பிடித்த பலகை இருக்கும், கீழே இதுவரை செத்தவர்களின் எண்ணிக்கையை எழுதியிருப்பார்கள். எண்ணிக்கை எழுத வந்த பெயின்டரோடு ஒரு காவலரையும் அனுப்பியிருக்கலாமே என்று எரிச்சலாக வரும். ஒரு கடற்கரையில் வருடம் முழுக்க ஒரே சிவப்புக் கொடி நின்றது. வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகி, பாதி கிழிந்து, அந்தக் கம்பத்தில்தான் சுண்டல்காரர் தன் குடையைக் கட்டியிருந்தார். கடல் நன்றாக இருக்கிற நாளிலும் சிவப்பு, மோசமான நாளிலும் சிவப்பு என்றால் யார் மதிப்பார்கள்? தினமும் ஆள் வைத்து ஏற்றி இறக்குங்கள் என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மூன்று தடவை எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் புதுக் கொடி வந்தது. ஆள் வரவில்லை.

2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தில், லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். கள்ளக்கடல் சீற்றம் இருக்கும் என்று ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் முன்பே எச்சரித்திருந்தது. கள்ளக்கடல் என்றால் எங்கோ தொலைவில் தென்கடலில் புயல் கிளப்பிய அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் திடீரென்று கரையேறுவது. வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் கரையில் நிற்கிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஒரு துணி பறக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

கடைசியாக மாமியார். சிவப்புக் கொடி என்றால் கால் நனைப்பதும் வேண்டாம். முழங்கால் வரை வருகிற அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் இருக்கிற மணலை உருவிக்கொண்டு போகும். வயதானவர் அந்த நொடியில் உட்கார்ந்துவிடுவார். புடவை நனைந்தால் அதன் கனத்தில் எழுந்திருக்கவும் முடியாது, அதற்குள் அடுத்த அலை வந்துவிடும். மணல் ஈரமே இல்லாத இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். மறுநாள் கொடி மாறியிருந்தால், சிவப்பு-மஞ்சளுக்கு நடுவில், காவலருக்கு நேர் எதிரே, கணுக்கால் அளவில் நிற்கட்டும். ஒரு பக்கம் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், மறு பக்கம் உங்கள் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளட்டும். கடலுக்கு முதுகைக் காட்டி போட்டோவுக்கு நிற்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.