பாட்டி டிரங்குப் பெட்டியில கிடைச்ச மெடல்

கேள்வி: பாட்டியோட டிரங்குப் பெட்டியில வட்டமா ஒரு மெடல் கிடைச்சுது சார். ஒரு பக்கம் றெக்கை வச்ச பொம்பளை நிக்குறா, இன்னொரு பக்கம் 1914-1919னு இருக்கு. கறுத்துப் போயிருக்கு, தங்கமா இருக்குமோ? புளி போட்டுத் தேய்க்கலாமா? (ஒரு வாசகி, வேலூர்)

பதில்: தேய்க்காதீங்கம்மா, தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. புளியும் வேணாம், பீதாம்பரியும் வேணாம். இது தங்கம் இல்ல, வெண்கலம். முதல் உலகப்போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ் அரசு குடுத்த விக்டரி மெடல், 36 மில்லிமீட்டர் அகலம், நம்ம பத்து ரூபா காயினவிட நல்லா பெருசு. சண்டை நின்னது 1918 நவம்பர் 11, ஆனா பிரான்ஸ்ல வெர்சாய்ல்ஸ்ங்கற இடத்துல சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் மாசம், அதான் 1919 வரைக்கும் போட்டிருக்காங்க. அந்த வருஷத்துக்கு மேல இங்கிலீஷ்ல இருக்கறது "நாகரிகத்துக்கான மாபெரும் போர்"னு அர்த்தம், அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டுல இருந்து போனவங்க நெஞ்சுல இந்த வாசகத்தைக் குத்தி அனுப்பிருக்காங்களேன்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துப் போகுது.

இப்ப முக்கியமான விஷயம், மெடலை நிமித்திப் பிடிச்சு அதோட விளிம்பைப் பாருங்க, முகத்தை இல்ல, விளிம்பை. செல்போன் டார்ச்சை சாய்ச்சு அடிச்சு மெதுவா சுத்துனீங்கன்னா பொடிப்பொடியா இங்கிலீஷ் எழுத்து தெரியும், நம்பர், பதவி, பேரு, எந்தப் படைன்னு வரிசையா அச்சடிச்சிருப்பாங்க. சாப்பர்ஸ்னு (பாலம், பாதை போடற ராணுவப் பொறியாளர் படை) இருந்தா மெட்ராஸ் சாப்பர்ஸா இருக்கலாம், கர்நாடிக் இன்ஃபன்ட்ரி, 63ம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி மாதிரி காலாட்படைகளும் உண்டு. ஒருத்தர் கொண்டுவந்த மெடல்ல வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தேய்ச்சுத் தேய்ச்சு விளிம்பு வழவழன்னு ஆகி, பேருல கடைசி ரெண்டு எழுத்துதான் மிச்சம், அவர் தாத்தா பேரு வீட்டுல யாருக்கும் ஞாபகம் இல்ல, அவர் என் எதிர்ல உக்காந்து அந்த விளிம்பையே விரலால தடவிக்கிட்டிருந்தார்.

உங்க ஊர் மணிக்கூண்டுல கல்வெட்டு இருக்கே, பாத்திருக்கீங்களா? இந்த ஊர்ல இருந்து 277 பேர் போருக்குப் போனாங்க, 14 பேர் உயிரை விட்டாங்கன்னு இருக்கும். எண்ணிக்கைதான் இருக்கு, ஒரு பேரு கிடையாது. பேரெல்லாம் இந்த மாதிரி மெடல் விளிம்புலதான் இருக்கு, உங்க வீட்டுப் பெட்டியில இருக்கறது அந்த 277ல ஒருத்தரா கூட இருக்கலாம்.

பெட்டியில இன்னொரு தடவை தேடுங்க, இந்த மெடலைத் தனியா குடுக்க மாட்டாங்க, கூடவே குதிரை மேல ஆள் இருக்கற இன்னொரு மெடலும் வரும். அது பெரும்பாலும் வெள்ளி, பல வீடுகள்ல உருக்கிட்டாங்க. ரெண்டு வானவில்லை ஒட்டுன மாதிரி, நடுவுல சிவப்பா ஒரு ரிப்பன் துண்டு கிடந்தா, கந்தலா இருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க. எல்லாத்தையும் சுத்தமான பருத்தித் துணியில சுத்தி வைங்க, விளிம்புல இருக்கறதை எழுத்து விடாம அப்படியே எழுதி அனுப்புங்க, காத்திருக்கேன்.