வெயில் உச்சியில் சோலார் நின்றுபோவது ஏன், பரவல் உகப்பாக்கம் உதவுமா?

வெள்ளவத்தை ஒழுங்கையொன்றின் கடைசி வீட்டில் 5 கிலோவாட் சோலார், வெயில் ஏறினால் இன்வேட்டர் நின்றுவிடுகிறது, ஏடிஎம்எம் முறை (ADMM: பெரிய கணக்கைப் பலர் துண்டுதுண்டாகத் தீர்த்து, விடைகளை ஒத்துவரச் செய்யும் பரவல் உகப்பாக்க முறை) உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும், ஆனால் முதலில் கணக்கைப் பாருங்கள்.

இலங்கையில் 230 வோல்ட், கூட்டியோ குறைத்தோ 6%. மேல் எல்லை ஏறத்தாழ 244. மின்மாற்றியடியில் 238 இருந்து, போய்வரும் கம்பியின் தடை 0.4 ஓம் என்றால், 22 ஆம்பியர் திரும்பிப் பாயும்போது கிட்டத்தட்ட 9 வோல்ட் ஏறும். 247! எல்லை தாண்டியதால்தான் இன்வேட்டர் நின்றுவிடுகிறது. வினைபடு திறனை (reactive power: வேலை செய்யாமல் கம்பியில் போய்வரும் திறன்) உறிஞ்சும்படி இன்வேட்டருக்குச் சொன்னாலும் பெரிய பலனில்லை. கம்பியின் எதிர்வினைப்பு (reactance: மாறுமின்னோட்டத்துக்கு மட்டும் காட்டும் எதிர்ப்பு) 0.1 ஓம்தான் என்றால் 2.4 கிலோவார் (வினைபடு திறனின் அலகு) உறிஞ்சியும் இறங்குவது ஒரு வோல்ட். ஆக, உற்பத்தியைச் சுமார் 4 கிலோவாட்டுக்கு இறக்கத்தான் வேண்டும்.

யார் எவ்வளவு இறக்குவது? அங்கேதான் ஏடிஎம்எம். ஒவ்வொரு வீடும் தன் சிறு கணக்கைத் தானே தீர்த்து, எல்லையில் உள்ள வோல்ட், திறன் மதிப்புகளை மட்டும் அயல் முனையோடு பரிமாறும். இரண்டும் ஒத்துவரும்வரை சுற்று தொடரும். வீட்டுப் பாவனை விவரம் வெளியே போகாது.

சறுக்குவது பெரும்பாலும் தண்டக் குணகம் ரோவில், அதாவது அயலவரோடு ஒத்துவராத மதிப்புக்கு எவ்வளவு தண்டம் என்று சொல்லும் எண்ணில். சிறிதென்றால் அயலவர் மதிப்புகள் ஒத்துவரவே இழுபடும்; பெரிதென்றால் சீக்கிரம் ஒத்துப்போவார்கள், உகந்த புள்ளிக்கு நகரமாட்டார்கள். முதன்மை மீதி (அயலவர் மதிப்புகளுக்கிடையே இன்னும் உள்ள வேறுபாடு), இருமை மீதியைப்போல் (ஒரு சுற்றிலிருந்து அடுத்ததற்கு மதிப்புகள் மாறும் அளவைக் காட்டுவது) 10 மடங்கைத் தாண்டினால் ரோவை இரட்டிப்பாக்குங்கள். ரோவால் வகுத்து வைத்திருக்கும் இருமை மாறியை (சுற்றுக்குச் சுற்று வேறுபாட்டைக் கூட்டிவைக்கும் எண்) அதே கையோடு பாதியாக்க மறந்தால் எல்லாம் குழம்பும்.