பாட்டில் மலிவு, மருந்து மலிவா?

கே: மாட்டுக்குப் போடும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி மருந்து, இரண்டு பாட்டிலும் 100 மில்லி. ஒன்றில் மில்லிக்கு 50 மி.கி., மற்றதில் 200 மி.கி. முதலாவது பாதி விலை என்பதால் அதையே வாங்கினேன். லாபம்தானே?

ப: நஷ்டம். முதல் பாட்டிலில் 5,000 மி.கி., இரண்டாவதில் 20,000. பாதி விலை கொடுத்துக் கால் பங்கு மருந்து வாங்கியிருக்கிறீர்கள். மில்லியைப் பார்த்து விலை பேசாதீர்கள், மில்லிகிராமைப் பாருங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது?

இன்னொன்று, இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. 200 மி.கி. வகை பெரும்பாலும் நீண்ட நேரம் வேலை செய்வது. வழக்கமான அளவு கிலோவுக்கு 20 மி.கி., அதாவது 10 கிலோ எடைக்கு 1 மில்லி. 400 கிலோ மாட்டுக்கு 40 மில்லி. ஒரே இடத்தில் 10 மில்லிக்கு மேல் ஏற்றினால் தசை வீங்கிக் கட்டிப்போகும். கழுத்தின் இருபுறமும் பிரித்து, தசையில் ஆழமாகப் போட வேண்டும். அதே 40 மில்லியை உங்கள் பாட்டிலிலிருந்து எடுத்தால் 2,000 மி.கி.தான். அரைகுறை அளவில் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். எடையைக் கண்ணளவில் சொல்லாதீர்கள். மார்புச் சுற்றை அளக்கும் எடை நாடா இருக்கிறது. (மலிவென்று நான் வாங்கிய நாடா பன்றிக்கானது.)

கே: மாட்டுக்கு வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரிக்கு எந்த ஆன்டிபயாட்டிக் நல்லது?

ப: எதுவுமில்லை. அது வைரஸ். புண்ணில் பாக்டீரியா சேர்ந்தால் மருத்துவர் எழுதித் தருவார்.

கே: பெனிசிலின் பாட்டிலில் காலாவதி தேதியின் மேல் விலை ஸ்டிக்கர். வீட்டில் உரித்த பிறகுதான் தேதி கடந்தது தெரிந்தது. கடைக்காரர் மாற்ற மறுக்கிறார்.

ப: உங்கள் மேல் தப்பில்லை, இது மோசடி. பாட்டில், அட்டைப்பெட்டி, உரித்த ஸ்டிக்கர் மூன்றையும் வைத்திருங்கள். பேட்ச் எண் தெரியப் படமெடுத்து, பில்லோடு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மிச்ச மருந்தை மாட்டுக்குப் போடாதீர்கள்.

கே: மடிவீக்கத்துக்குக் காம்பில் ஏற்றும் டியூப் வாங்கினேன். பால் வற்றிய மாட்டுக்கானது என்று அதில் இருந்ததைக் கவனிக்கவில்லை. கறக்கும் மாட்டுக்கு ஏற்றிவிட்டேன். பாலைக் காய்ச்சினால் சரியாகிவிடுமா?

ப: ஆகாது. காய்ச்சினால் மருந்து முழுதாக அழியாது. வற்றுக்கால டியூப் மடியில் வாரக்கணக்கில் தங்குவதற்கென்றே செய்தது. பாலை விற்காமல் நிறுத்த லேபிளில் சொல்லும் நாட்களும் உங்கள் மாட்டுக்குப் பொருந்தாது. மற்ற மூன்று காம்பின் பாலும் சேர்த்துத்தான் ஒதுக்க வேண்டும், மருந்து ரத்தத்திலும் கலக்கும். எப்போது விற்கலாம் என்பதை மருத்துவர் பாலைச் சோதித்துச் சொல்லட்டும். அதுவரை கொட்டுங்கள். கன்றுக்கும் வேண்டாம்.