கரண்ட் போனா லிஃப்ட் ஏன் கீழ விழறதில்ல? - வாசகர் கேள்வி பதில்

(இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல லிஃப்ட் பத்திதான், அதனால மத்தவங்க கோவிச்சுக்காதீங்க, மோட்டார் பம்பு, இன்வெர்ட்டர் கேள்வியெல்லாம் அடுத்த வாரம்.)

கே: எங்க அபார்ட்மென்ட் ஆறு மாடி. போன வாரம் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல இருக்கறப்ப கரண்ட் போயிடுச்சு, இருட்டுல இருபது நிமிஷம் மாட்டிக்கிட்டேன். கரண்ட் இல்லன்னா பிரேக்கும் வேலை செய்யாதே, அப்புறம் எது லிஃப்ட்ட பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு? - வாசகி, மடிப்பாக்கம்

ப: நீங்க பைக் பிரேக் மாதிரி நினைச்சுட்டீங்க. பைக்ல நாம அழுத்தினாதான் பிரேக் பிடிக்கும், விட்டா வண்டி ஓடும். லிஃப்ட்ல அப்படியே தலைகீழ். சும்மா இருக்கறப்ப பிரேக் எப்பவும் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும், அத விடறதுக்குத்தான் கரண்ட் வேணும்.

மொட்டை மாடில மெஷின் ரூம் இருக்கற பழைய லிஃப்டா இருந்தா மெக்கானிக் வர்றப்ப கூடப் போய் ஒரு தடவை பாருங்க. மோட்டார் பக்கத்துல ஒரு இரும்பு டிரம் இருக்கும், அதோட ரெண்டு பக்கமும் கன்னத்த அமுக்கிப் பிடிச்ச மாதிரி ரெண்டு பிரேக் ஷூ, பின்னாடி கனமான ஸ்பிரிங், மேல ஒரு காயில். கீழ யாராவது பட்டன் அமுக்கினா காயிலுக்கு கரண்ட் போய் அது காந்தமாயி ஸ்பிரிங்க எதிர்த்து ஷூ ரெண்டையும் விலக்கும், 'டக்'னு ஒரு சத்தம் வரும், அப்புறம்தான் டிரம் சுத்தி லிஃப்ட் நகரும். ரொம்பல்லாம் விலகாது, ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவுதான். மாடி வந்ததும் கரண்ட் கட், ஸ்பிரிங் திரும்ப அமுக்கும், இன்னொரு 'டக்'. கரண்ட் போனாலும், ஃபியூஸ் போனாலும், ஒயர எலி கடிச்சாலும் நடக்கறது இதேதான். அந்த இருபது நிமிஷமும் உங்கள பிடிச்சுக்கிட்டு இருந்தது அந்த ஸ்பிரிங்தான் மேடம்.

பிரேக்க பரிசோதிக்கற விதியும் ஒண்ணு சொல்லிடறேன். லிஃப்ட் தாங்கற எடை 100 கிலோன்னா 125 கிலோ ஏத்தி, முழு வேகத்துல கீழ இறங்கறப்ப கரண்ட கட் பண்ணி, பிரேக் மட்டுமே அத நிறுத்தணும், ஐரோப்பிய விதி இப்படித்தான் கேக்குது. ரெண்டு ஷூவுல ஒண்ணு வேலை செய்யலன்னாலும் இன்னொண்ணு முழு லோடோட இறங்கற லிஃப்ட்ட மட்டுப்படுத்தணும்.

அப்புறம், உங்க லிஃப்ட்ல ஏஆர்டி (ஆட்டோமேட்டிக் ரெஸ்க்யூ டிவைஸ்) இல்ல போல. பேட்டரில ஓடற கருவி அது, கரண்ட் போனா லிஃப்ட்ட பக்கத்து மாடிக்கு மெதுவா கொண்டு போய் கதவ திறந்து விட்டுடும். அசோசியேஷன் மீட்டிங்ல இத ஒரு தடவை அழுத்திச் சொல்லுங்க, பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி இதுக்கு காசு போடலாம்.

கே: கயிறு அறுந்தா? - கயிறு பயத்துலயே எட்டு மாடி ஏறிப் போற வாசகர், கோயம்புத்தூர்

ப: எட்டு மாடி ஏறறது உடம்புக்கு நல்லதுதான், ஆனா பயத்துக்காக ஏறாதீங்க.

முதல்ல, கயிறு ஒண்ணு இல்ல. நாலு, அஞ்சு, ஆறுன்னு இருக்கும், எல்லாமே எஃகுக் கம்பி முறுக்கின ரோப். மூணு கயிறோ அதுக்கு மேலயோ இருந்தா ஒவ்வொண்ணும் தன் பங்குக்கு வர்ற எடையப் போல குறைஞ்சது 12 மடங்கு தாங்கணும்னு கணக்கு. அதாவது நாலு கயிறு லிஃப்ட்ல மூணு அறுந்து ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தாலும் முழு லோடயும் தூக்கிட்டு இன்னும் தெம்பு மிச்சம் இருக்கும்.

சரி, எல்லாமே அறுந்துடுச்சுன்னே வெச்சுக்குவோம். அப்ப வேலை செய்யறது வேற பிரேக், நாம நிக்கற பெட்டிக்கு அடியிலயே இருக்கு, சேஃப்டி கியர்னு பேரு. அதுக்கு உத்தரவு போடறது மேல இருக்கற கவர்னர், ஒரு சின்ன சக்கரம், அதுல ஒரு தனி மெல்லிசு கயிறு, லிஃப்ட்டோட சேர்ந்தே சுத்திக்கிட்டு இருக்கும். லிஃப்ட்டோட வேகம் வினாடிக்கு 1 மீட்டர்னா 1.15 மீட்டர தாண்டினதுக்கு அப்புறம் கவர்னருக்கு கோவம் வரும். சக்கரத்துல இருக்கற எடைக்கட்டைங்க வேகத்துல வெளிப்பக்கம் விரிஞ்சு முதல்ல ஒரு சுவிட்ச தட்டும், அதுல மோட்டாருக்கும் பிரேக் காயிலுக்கும் கரண்ட் கட். அப்பவும் நிக்கலன்னா கவர்னர் அந்த மெல்லிசு கயித்த கவ்விப் பிடிக்கும், கயிறு நின்னுடும், பெட்டி மட்டும் இறங்கும், அந்த இழுப்புல பெட்டிக்கு அடியில இருக்கற ஆப்புங்க மேல ஏறி, பெட்டி ஏறி இறங்கற ரெண்டு பக்க கைடு ரெயிலயும் (தண்டவாளம் மாதிரி) இறுக்கிடும். இதுல அழகு என்னன்னா பெட்டி எவ்ளோ கனமா கீழ இழுக்குதோ ஆப்பு அவ்ளோ இறுகும். விடணும்னா பெட்டிய மேல தூக்கினாத்தான் விடும். கரண்ட், கம்ப்யூட்டர் எதுவும் இதுக்கு வேண்டாம்.

இந்த யோசனைக்கு நூத்தம்பது வயசுக்கு மேல ஆகுது. எலிஷா ஓட்டிஸ்ங்கற அமெரிக்கர் 1854-ல நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சில கூட்டத்துக்கு முன்னாடி ஒரு மேடை மேல ஏறி நின்னுக்கிட்டு, தன்ன தூக்கிப் பிடிச்சிருந்த கயித்தயே வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சமா இறங்கி டபக்னு நின்னுடுச்சு. அவர் வெச்சிருந்தது வண்டி ஸ்பிரிங் மாதிரி ஒண்ணு, கயிறு இழுவைல இருக்கற வரைக்கும் வளைஞ்சு கிடக்கும், கயிறு தளர்ந்தா நிமிர்ந்து ரெண்டு பக்க பல்லுல போய் மாட்டிக்கும். 1857-ல நியூயார்க் பிராட்வேல ஒரு அஞ்சு மாடிக் கடைல ஜனங்க ஏறற லிஃப்ட் போட்டதும் அவர்தான்.

'அப்ப விழுந்ததே இல்லயா'ன்னு கேப்பீங்க. விழுந்திருக்கு. 1945 ஜூலை 28, நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடம், மூடுபனில ஒரு பி-25 குண்டுவீச்சு விமானம் வந்து மேல் மாடில மோதிடுச்சு. பெட்டி லூ ஆலிவர்னு பேரு, லிஃப்ட் ஓட்டற பொண்ணு, 20 வயசு, அடிபட்டுக் கிடந்தவள இன்னொரு லிஃப்ட்ல வெச்சு கீழ அனுப்பினாங்க, விமானம் சேதப்படுத்தியிருந்த கயிறுங்க அப்ப அறுந்துடுச்சு. கவர்னர் கயிறும் சேர்ந்து அறுந்ததால சேஃப்டி கியருக்கு உத்தரவு போட ஆளில்ல. 75 மாடி விழுந்தும் பிழைச்சுக்கிட்டாங்க, கீழ சுருண்டு குவிஞ்ச ரோப்பும் அடியில அமுங்கின காத்தும் மெத்தை மாதிரி தாங்கினதுன்னு சொல்றாங்க. ஒரு லிஃப்ட் அப்படி விழறதுக்கு விமானம் வந்து மோத வேண்டியிருந்துச்சு பாருங்க.

கே: விழற நேரத்துல கடைசி செகண்ட்ல குதிச்சா தப்பிக்கலாம்னு என் ஃப்ரெண்டு சொல்றான். - கல்லூரி மாணவர், திருச்சி

ப: மூணு மாடி உயரம், 9 மீட்டர் விழுந்தா வேகம் மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர். நீங்க என்ன தம் கட்டி குதிச்சாலும் அதுல 8, 9 கிலோமீட்டர் குறையும். மிச்சத்த ஃப்ரெண்டு வாங்கிக்குவாரா கேளுங்க.

ஓடற லிஃப்ட்ல குதிக்கறதால ஒண்ணு மட்டும் நடக்கும். பெட்டி குலுங்கி கவர்னர் தட்டிடுச்சுன்னா ஆப்பு இறுகி நடுவுல நிப்பீங்க, மெக்கானிக் வர்ற வரைக்கும் தேவுடு காக்க வேண்டியதுதான். பசங்க உள்ள குதிச்சு விளையாடறாங்கன்னா சொல்லி வைங்க.

கே: எங்க ஆபீஸ் லிஃப்ட் தரைக்கு சமமா நிக்கறதே இல்ல, ரெண்டு இன்ச் மேல இல்லன்னா கீழ. மெயின்டனன்ஸ்காரர் 'பழைய லிஃப்ட் சார், அப்படித்தான்'ங்கறார். - வாசகர், சேலம்

ப: பழைய லிஃப்ட்ங்கறதுல பாதி உண்மை இருக்கு. பழைய ரெண்டு வேக மோட்டார்ல மாடி கிட்ட வந்ததும் பிரேக் பிடிச்சுத்தான் நிறுத்தும், அதனால ஒவ்வொரு தடவையும் பிரேக் ஷூவுல ஒட்டியிருக்கற லைனிங் தேயும், ஆள் எடைக்கு ஏத்த மாதிரி நிக்கற இடமும் மாறும். இப்ப வர்ற டிரைவ் (மோட்டார் வேகத்த கூட்டிக் குறைக்கற கருவி) வெச்ச லிஃப்ட்ல மோட்டாரே வேகத்த பூஜ்யத்துக்கு கொண்டு வந்துடும், பிரேக் சும்மா பிடிச்சு வெச்சுக்கற வேலைதான். ஆனா 'அப்படித்தான்'னு விடாதீங்க. முன்னாடி அரை இன்ச் இருந்தது இப்ப ரெண்டு இன்ச் ஆச்சுன்னா லைனிங் தேஞ்சிருக்கலாம், டிரம்ல எண்ணெய் பட்டிருக்கலாம்.

எண்ணெய்னதும் ஞாபகம் வருது. நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு பழைய கட்டடத்துல லிஃப்ட் மாடிய தாண்டித் தாண்டி நிக்குதுன்னு கூப்பிட்டாங்க. மெஷின் ரூம் கதவ திறந்தா தேங்காய் எண்ணெய் வாசனை. வாட்ச்மேன் பெரியவர், 'கிறீச்சு கிறீச்சுன்னு கத்திச்சு தம்பி, அதான் ரெண்டு சொட்டு விட்டேன்'ங்கறார். விட்டது பிரேக் டிரம் மேல! அன்னிக்கு லைனிங் மாத்தி, டிரம்ம துடைச்சு, முடிக்கறப்ப ராத்திரி பத்து மணி.

பிரேக் தேஞ்சா என்ன ஆகும்னா, லிஃப்ட் மேல போகும். ஆமா, மேல. பெட்டிக்கு எதிர்ப்பக்கம் கவுன்டர்வெயிட் தொங்குது, அதோட எடை காலிப் பெட்டியோட எடையும் முழு லோடுல கிட்டத்தட்ட பாதியும் சேர்ந்தது. உள்ள ஒருத்தர் ரெண்டு பேர்தான்னா எதிர்ப்பக்கம்தான் கனம். 2006 ஜூன்ல டோக்கியோ மினாட்டோ வட்டாரத்துல ஒரு குடியிருப்புல இதுதான் நடந்துச்சு, 16 வயசுப் பையன் சைக்கிளோட 12-வது மாடில வெளிய வர்றப்ப கதவு திறந்தபடியே லிஃப்ட் மேல கிளம்பிடுச்சு, நசுங்கி செத்துப் போனான். பிரேக் லைனிங் தேஞ்சிருந்துச்சுன்னு விசாரணைல வந்துச்சு. 2009-ல ஜப்பான் விதிய மாத்தி, கதவு திறந்திருக்கறப்ப பெட்டி நகர்ந்தா நிறுத்தற தனி ஏற்பாடும் ரெட்டை பிரேக்கும் புது லிஃப்டுக்கு கட்டாயமாக்கினாங்க. ஐரோப்பாவுலயும் அதே மாதிரி விதி வந்துடுச்சு. உங்க மெயின்டனன்ஸ்காரர்கிட்ட லைனிங்க எப்ப கடைசியா அளந்தீங்கன்னு கேளுங்க, தேதி சொல்ல முடியலன்னா ஆபீஸ்ல எழுத்துல கொடுங்க.

கே: நடுவுல நின்னா கதவ பிரிச்சு வெளிய குதிச்சிடலாமா? பாதி மாடி தெரியுதே. - வாசகி, வேலூர்

ப: வேண்டவே வேண்டாம்மா. கயிறப் பத்தி இவ்ளோ கேள்வி வருது, கதவப் பத்தி இது ஒண்ணுதான் வந்திருக்கு, ஆனா எனக்குத் தூக்கம் கெடறது கதவாலதான். பெட்டி பாதி மேல நிக்கறப்ப நீங்க வெளிய இறங்கினா உங்க காலுக்குப் பின்னாடி, பெட்டிக்கு அடியில, பெரிய இடைவெளி திறந்து கிடக்கும், அது நேரா கீழ பிட் (அடியில இருக்கற குழி) வரைக்கும் போகுது. குதிக்கறவங்க தடுமாறி பின்னாடி சாஞ்சா அதுக்குள்ளதான் போவாங்க. அலாரம் அமுக்குங்க, போன் பண்ணுங்க, கதவ விட்டுத் தள்ளி உக்காருங்க. உள்ள காத்து வர ஓட்டை இருக்கு, மூச்சு முட்டாது.

வெளிய இருக்கறவங்களுக்கும் சொல்லிடுங்க. செக்யூரிட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ யூடியூப் பார்த்துட்டு மாடிக்கு ஏறி பிரேக்க நெம்பக் கூடாது. மெக்கானிக் முதல்ல மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுவார், ஒரு கை பிரேக் லீவர்ல, ஒரு கை சக்கரத்துல, கொஞ்சம் விட்டுப் பிடிச்சு, கொஞ்சம் விட்டுப் பிடிச்சு இறக்குவார். தெரியாதவர் மொத்தமா விட்டுட்டா உள்ள நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க, கவுன்டர்வெயிட் கனம், பெட்டி விர்ருனு மேல போகும்.